நோட்டீஸ் இல்லாமல் தீர்ப்பில்லை

நான் முன்சீப் கோர்ட்டில் நோட்டீஸ், ஜப்தி வேலைகளைப் பார்க்கிற டிப்டி நாஜராக இருந்தபோது ஒரு கிணற்று வழக்கு சத்தியத்துக்குப் போயிற்று. இரண்டாவது யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முந்தி.

சத்தியம் என்றால், சாட்சிக் கூண்டில் ஏறி எல்லாரும் ஒப்பிக்கிற பிரமாணம் அல்ல. அதற்குப் பயந்தவர் யாரையும் என் சர்வீசில் நான் பார்த்ததில்லை. இது விசேஷ சத்தியம். ஒரு கட்சிக்காரர், “எதிர்க்கட்சி இன்ன இடத்தில் இன்ன விதமாகச் சத்தியம் செய்யட்டும், செய்தால் நான் கட்டுப்படுகிறேன்” என்று மனுப் போடலாம். மற்றவர் ஒப்புக்கொண்டால் கோர்ட் ஒரு கமிஷனரை நியமிக்கும். சத்தியம் முடிந்தால் வழக்கும் முடிந்தது. சாட்சியும் கிடையாது, குறுக்கு விசாரணையும் கிடையாது. வெள்ளைக்காரன் எழுதிய சட்டத்தில் கற்பூரத்துக்கு இடம் கிடைத்தது இந்த ஒரு மூலையில்தான்.

வழக்கு எளியது. ராசிபுரத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். வாதி ஒரு விதவை. அவள் புருஷன் கிணறு வெட்டுகிறவன். பிரதிவாதி அந்த ஊரின் பெரிய தோட்டத்துக்காரர், கூலிக்காரர்களுக்குப் பண்ணாடி. அவருடைய கிணற்றில் பாறை தட்டியபோது அவள் புருஷன்தான் வேட்டு வைத்து உடைத்து ஊற்றைத் திறந்தான். கூலிக்குப் பதிலாகக் கிணற்றை ஒட்டி ஒரு துண்டு நிலம் கொடுத்தார். நிலத்துக்குப் பத்திரம் இருந்தது. வாரத்தில் ஒரு நாள் அந்தக் கிணற்றிலிருந்து இறைத்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதற்கு வாய்ச்சொல் மட்டும்தான் இருந்தது. புருஷன் இருந்தவரை தண்ணீர் வந்தது. அவன் செத்தான், அவள் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தாள், வாய்க்கால் தலைப்பில் கல்லும் வேலமுள்ளும் வந்து விழுந்தன. அவள் ஆட்கள் இறைத்தால் கிணறு தீட்டாகிறது என்று காரணம் சொன்னார்கள். பாறை உடைத்தபோது படாத தீட்டு, தண்ணீர் வந்தபிறகு பட்டது.

அவள் தண்ணீர் இறைத்ததைப் பார்த்தவர்கள் எல்லாரும் பண்ணாடியின் தோட்டத்தில் வேலை செய்தார்கள். ஆகையால் யாரும் பார்க்கவில்லை. முறைத் தண்ணீர் கிடைக்காவிட்டால் அந்த நிலம் சோளத்தட்டு கூட விளையாத மேட்டுக் கல்லாங்காடு. அவளும் அவள் மகளும் அவர் தோட்டத்திலேயே கூலிக்கு நிற்க வேண்டியதுதான். பண்ணாடிக்கு வேண்டியதும் அதுவே.

அவருடைய வக்கீல் முதலில் அவளைக் கருப்பணார் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்லி மனுப் போட்டார். செய்கிறவரின் மதத்துக்கு ஒவ்வாத சத்தியம் செல்லாது என்று முன்சீப் தள்ளினார். அடுத்து, அவளுடைய ஜெபக்கூடத்தில், அவளுடைய வேதத்தைத் தொட்டே செய்யட்டும் என்று வக்கீல் மறு மனுப் போட்டார். கோர்ட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் பண்ணாடியின் பெருந்தன்மையை மெச்சினார்கள். எனக்கு விஷயம் தெரியும். அந்த ஊர் உபதேசியார் சத்தியமே செய்யக் கூடாது, ஆம் என்றால் ஆம் என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று ஞாயிறு தவறாமல் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். ஜெபக்கூடத்துக்குச் சுவர் ஓலைத் தட்டி. பிரசங்கம் பண்ணாடி வீட்டுக் களம் வரை கேட்கும். அவள் சத்தியத்துக்கு மறுத்தால், மறுத்தாள் என்று கோர்ட் எழுதிக்கொள்ளும். அதற்குமேல் அவளை யார் நம்புவார்கள்? கணக்கு சரியாகத்தான் இருந்தது.

கமிஷனராக முன்சீப் என்னை நியமித்தார். காரணம், சேலத்தில் நான் படித்த மிஷன் ஹைஸ்கூலில் வேதபாடத்துக்குப் பரிசு வாங்கியவன் என்று யாரோ அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். உண்மைதான். நெற்றி நிறைய விபூதியோடு மேடையேறி வாங்கினேன். கணக்குக்குக் கிடைத்த பரிசு என்று வீட்டில் சொன்னேன். தறி ஓட்டுகிற வீட்டில் அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

மற்றப் பையன்கள் கதைகளைப் படித்தார்கள். எனக்குப் பிடித்தது பின்பகுதியில் வருகிற எபிரேயத் தீர்க்கதரிசிகள். ஏன் பிடித்தது என்பது கோர்ட்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் முழுசாக விளங்கிற்று. அவர்கள் பேசுவதெல்லாம் கோர்ட்டுப் பேச்சு. மலைகளைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். பிராது வாசிக்கப்படுகிறது. “நான் உனக்கு என்ன குறை வைத்தேன், சொல்” என்ற தோரணையில் பிரதிவாதியிடம் பதில் கேட்கப்படுகிறது. அப்புறம் தீர்ப்பு, அப்புறம் நிறைவேற்றம். ஒரே ஒரு நடைமுறைக் கோளாறு: பிராது கொடுத்தவரும் கடவுள், சாட்சியும் அவர், பெஞ்சில் இருப்பவரும் அவர். நம் கோர்ட்டில் வழக்கில் சம்பந்தமுள்ள நீதிபதி பெஞ்சை விட்டு இறங்கிவிட வேண்டும். அங்கே சம்பந்தம் இருப்பதனால்தான் ஏறி உட்காருகிறார். விதவையின் வழக்கும் அநாதையின் வழக்கும் அவருடைய சொந்த வழக்குகள். இதைக் கோளாறு என்று பள்ளிக்கூடப் பரீட்சையில் எழுதினேன். சரி என்று போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார் ஆசிரியர்.

தீர்க்கதரிசி என்றால் வருங்காலம் சொல்கிற சோசியர் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் கோர்ட் பியூன். நாஜர் ஆபீசில் பியூன்களை வைத்து வேலை வாங்கியவன் சொல்கிறேன், நம்பலாம். நோட்டீசைக் கையில் கொடுத்து அனுப்புவோம். கட்சிக்காரர் கதவைச் சாத்துவார், நாயை அவிழ்த்து விடுவார், சில இடத்தில் அடியும் விழும். எபிரேயப் பியூன் ஒருவரைச் சேற்றுக் குழிக்குள் கயிறு கட்டி இறக்கினார்கள். இன்னொருவர் நோட்டீசைக் கொடுக்கப் பயந்து எதிர்த்திசையில் கப்பல் ஏறினார். பிறகு வேண்டாவெறுப்பாகப் போய்ச் சேர்த்தார். அந்த ஊர்க்காரர்கள் நோட்டீசைப் படித்துத் திருந்திவிட்டார்கள், தண்டனை ரத்தாகிவிட்டது. பியூன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்தார். ஜப்திக்குப் போன இடத்தில் கடன்காரன் பணத்தைக் கட்டிவிட்டால் எங்கள் அமீனாவின் முகமும் அப்படித்தான் இருக்கும்.

உபதேசியாரைப் பார்க்க ஊருக்குப் போனேன். நேர்மையான மனிதர், ஒல்லி, வெள்ளை ஜிப்பா. அவள் சத்தியம் செய்தால் பாவம், செய்யாவிட்டால் பட்டினி என்று அவருக்கும் தெரிந்திருந்தது. தூக்கமில்லாத கண். தீர்க்கதரிசிகளிடத்தில் கடவுளே பல தடவை சத்தியம் செய்கிறாரே, தன்மேலேயே ஆணையிடுகிறாரே என்று கேட்டேன். அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். இருந்தது. மறுபடி புரட்டினார். மறுபடியும் இருந்தது.

“நீங்க விபூதி பூசிக்கிட்டு எனக்கு வேதம் சொல்றீங்களே ஐயா,” என்றார்.

“பரிசு வாங்கினவன் சும்மா இருக்கலாமா?” என்றேன்.

சிரிக்கவில்லை, ஆனால் அனுமதி கொடுத்தார். கொடுத்தவர், தன் கடமை என்று நினைத்து, பொய்ச் சத்தியம் செய்கிறவன் வீட்டுக்குள் ஒரு சாபச் சுருள் பறந்து வந்து மரத்தையும் கல்லையும் தின்றுவிடும் என்று ஒரு தீர்க்கதரிசி கண்ட காட்சியையும் அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சத்தியம் காலையில் நடந்தது. ஊரே தட்டிக்கு வெளியே நின்றது. பண்ணாடி கயிற்றுக் கட்டில் போடச் சொல்லி உட்கார்ந்திருந்தார். அவள் மாட்டேன் என்று சொல்வதைக் கேட்க வந்தவர். அவள் நடுங்காமல் புத்தகத்தின்மேல் கை வைத்தாள். பாறை பிளந்து ஊற்று வந்த அன்று, தன் புருஷனிடம் வாரத்துக்கு ஒரு நாள் முறை என்று பண்ணாடி சொன்னார், மண்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தான் பக்கத்தில் நின்று கேட்டேன் என்று சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன். பண்ணாடி கட்டிலைக் கூட எடுக்கச் சொல்லாமல் எழுந்து போனார்.

ரிப்போர்ட் போயிற்று, டிக்ரி வந்தது. வாதிக்கு வாரத்தில் ஒரு நாள் தண்ணீர், வாய்க்கால் தடையை நீக்க வேண்டும். பண்ணாடி நீக்கவில்லை. அதற்கும் சட்டத்தில் வழி இருந்தது. நாஜர் மூலமாக ஆள் வைத்து நீக்கி, செலவை அவரிடமே வசூலிக்கலாம். மனுப் போட்டு உத்தரவும் ஆகிவிட்டது.

இதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. திருமணிமுத்தாறு வருஷத்தில் சில நாள்தான் ஆறு. மற்ற நாள் மணல். அந்த வருஷம் நிஜமாகவே ஆறாக ஓடிற்று. நியாயம் வற்றாத ஆறாக ஓட வேண்டும் என்று ஆடு மேய்த்த தீர்க்கதரிசி ஏன் சொன்னார் என்பது இப்படிப்பட்ட ஆற்றங்கரையில் இருக்கிறவனுக்குத்தான் தெரியும். மழை பெய்தால் மட்டும் ஓடுகிற நியாயத்தை அவரும் நிறையப் பார்த்திருக்கிறார். அந்த மழையில் அவள் வீட்டு மண்சுவர் ஒரு பக்கம் இடிந்து, விட்டமும் சரிந்தது. ஆளுக்கு ஆபத்தில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோயிலில் சத்தியம் செய்தவனை ஊர் ஒரு கெடுவுக்குக் கவனித்துக்கொண்டிருக்கும். அதற்குள் மாடு செத்தாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் போதும், செய்தது பொய்ச் சத்தியம் என்று முடிவாகிவிடும். கோர்ட் தீர்ப்பு அப்புறம் யாருக்கும் ஞாபகம் இராது. சுவர் விழுந்த செய்தி மழை விடுவதற்கு முன்பே சந்தைக்குப் போய்விட்டது. சாமி தீர்ப்புச் சொல்லிவிட்டது என்றார்கள். தடையை நீக்க அமீனா கூலியாள் கேட்டால் அந்த ஊரில் யாரும் வரமாட்டோம் என்றார்கள். உபதேசியாரே கலங்கிப்போய், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தை நிறுத்திவிட்டார்.

இதெல்லாம் பரவாயில்லை. அவளும் நம்பிவிட்டாள் என்பதுதான் ஆபத்து.

ஒரு நாள் முற்பகலில் உபதேசியாரோடு என் ஆபீசுக்கு வந்து நின்றாள். ஈரச் சேலை, காலெல்லாம் சேறு. டிக்ரி வேண்டாம், தண்ணீர் வேண்டாம், எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். டிக்ரி தீர்ந்தது என்று வாதியே ஒரு மெமோ கொடுத்தால் நாஜர் செய்வதற்கு ஒன்றுமில்லை. வெளியே மெமோ எழுதிக் கொடுக்கிற ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பண்ணாடியின் காரியஸ்தர் அவர்களில் ஒருவர் பக்கத்தில், தற்செயலாக, வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

என்ன நடந்தது என்று கேட்டேன்.

“சுருளு வந்துருச்சுங்க சாமி,” என்றாள். “எம்பட ஊட்டுக்குள்ள வந்து மரத்தையுங் கல்லையுந் தின்னுபோட்டுதுங்க.”

“நீ சொன்னது பொய்யா?”

“பொய்யில்லீங்க. பண்ணாடி சொன்னது நெசந்தானுங்க. ஆனாலும்...” என்று நிறுத்தினாள். பிறகு மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னாள். “கூடை தலைமேல இருந்துச்சுன்னு சொன்னனுங்க. ரோசனை பண்ணிப் பாத்தா, கீழ வெச்சுட்டு நின்னனோ என்னமோ தெரியலீங்க.”

முப்பது வருஷ சர்வீசில் பல பொய்ச் சாட்சிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கூடை எங்கே இருந்தது என்பதில் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

வழக்கில் முடிவு செய்ய வேண்டியது பண்ணாடி வாக்குக் கொடுத்தாரா என்பது ஒன்றுதான், கூடையைப் பற்றி யாரும் வழக்குப் போடவில்லை என்று சொன்னேன். சட்டம் அவளுக்கு எட்டவில்லை. அவளுடைய பயம் கோர்ட்டைப் பற்றியதல்ல. ஆகவே நாற்காலியை உபதேசியார் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

தீர்க்கதரிசிகள் எல்லாரையும் எடுத்துக்கொள்ளுங்கள், நோட்டீஸ் கொடுக்காமல் கடவுள் யாரையாவது தண்டித்த இடம் ஒன்று காட்டுங்கள் என்று அவரைக் கேட்டேன். அந்த ஆடு மேய்த்த தீர்க்கதரிசி அக்கம்பக்கத்து ராஜ்யங்களைக்கூட ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, இன்ன குற்றத்துக்காக என்று வாசித்துவிட்டுத்தான் நெருப்பைப் பற்றிப் பேசுகிறார். தராசைக் கள்ளத் தராசு ஆக்கினாய், ஏழையைச் செருப்பு விலைக்கு விற்றாய், வயலோடு வயலைச் சேர்த்தாய் என்று குற்றம் அத்தனையும் பேர் சொல்லி வருகிறது. சாட்சி வருகிறது. திரும்பி வருகிறாயா என்று கெடு வருகிறது. கெடுவை மீண்டும் மீண்டும் நீட்டுகிறார்கள். நம் ஹைகோர்ட்கூட அவ்வளவு நீட்டாது. கடைசியில்தான் தண்டனை. ஏனென்றால் தண்டிப்பது அங்கே நோக்கமே இல்லை. தண்டிப்பதுதான் நோக்கம் என்றால் பியூனை அனுப்பி அடி வாங்க வைப்பானேன்? நோட்டீஸ்தான் கருணை. குற்றம் என்ன என்று சொல்லாமல் சுவரை மட்டும் தள்ளிவிட்டுப் போவது பேயின் வேலையாக இருக்கலாம், மழையின் வேலையாக இருக்கலாம். இந்தப் புத்தகத்தின் கடவுளுக்கு அந்த நடைமுறை கிடையாது.

உபதேசியார் ஜிப்பா நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இத்தனை நாளாகத் தீர்ப்பைத்தான் பிரசங்கித்தேன், அது யாருக்காக என்று பார்க்கவில்லை என்று மெதுவாகச் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பி, அந்தச் சுருள் விஷயத்தில் தான் பாதியைத்தான் வாசித்ததாகவும், அதே சுருள் திருடன் வீட்டுக்கும் போகிறது என்றும், அதில் என்ன குற்றம் என்று இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறது என்றும் சொன்னார். “உனக்கு யாராச்சும் குற்றத்தை எழுத்தில் காட்டினாங்களாம்மா?”

“எனக்கு எழுத்துத் தெரியாதுங்களே.”

“வாயாலே?”

யோசித்தாள். “ஊருல சொன்னாங்க. சாமி சொல்லலீங்க.”

“அப்படின்னா அது நோட்டீசே இல்லே,” என்றார் உபதேசியார். அதை என் பக்கம் பார்த்து, ஊர்ஜிதம் செய்யச் சொல்வதுபோலச் சொன்னார். செல்லாது என்று நானும் தலையாட்டினேன். வேதத்துறையும் நீதித்துறையும் ஒத்துப்போன நிகழ்ச்சி என் சர்வீசில் அது ஒன்றுதான்.

அவள் எழுந்தாள். மெமோவைப் பற்றிப் பேச்சில்லை. வாசலில் காரியஸ்தர் எழுந்து, “ஏனாத்தா, எளுதிப்போடலாமா?” என்று கேட்டிருக்கிறார். எழுதக் கூலி யார் கொடுப்பது என்று கேட்டாளாம். பண்ணாடி கொடுப்பார் என்று அவர் வாய் தவறிச் சொல்ல, அங்கே இருந்தவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள்.

அடுத்த முறை நாளில் தடையை நீக்கப் போனோம். அமீனா தனியாகப் போகத் தயங்கினார் என்று நானும் போனேன். மழை விட்டு வெயில் அடித்தது. கிணற்றுமேட்டில் கூட்டம். அவளுடைய அண்ணன் கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைக்க ஒரு ஜோடி எருதுகளைக் கொண்டுவந்திருந்தான். பண்ணாடி புளியமரத்தடியில் நின்றார். தடுக்கவில்லை, அவருக்கும் வக்கீல் இருந்தார், தடுத்தால் என்ன ஆகும் என்று தெரியும். ஊரார் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கையால் தடுக்க வேண்டியதில்லை என்று நினைத்தார். உரக்கத்தான் சொன்னார்.

“கோர்ட்டுக் கச்சேரீல செயிச்சுப்போட்ட புள்ள. சாமிகிட்டத் தோத்துப்போனயே. ஊடு உளுந்துதல்ல?”

கூட்டம் அவளைப் பார்த்தது. சில நாள் முன்புவரை அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை என்பது எனக்கும் உபதேசியாருக்கும் தெரியும். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“ஆமாங்க பண்ணாடி, உளுந்துதுங்க,” என்றாள். “அதே மழைக்குத்தானுங்க கருப்பணார் கோயல் மதலும் உளுந்துது. அவரு என்ன பொய்ச் சத்தியம் பண்ணுனாருங்களாம்?”

முதலில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று பண்ணாடியின் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு கவலை எருதுகள் இறங்குகிற சரிவில் நின்ற கிழவர் ஒருவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். அவ்வளவுதான். பண்ணாடியின் சொந்தக் கூலியாட்கள் ஒவ்வொருவராக வரப்பைப் பார்க்கவும் மரத்தைப் பார்க்கவும் திரும்பிக்கொண்டார்கள். முதுகு குலுங்குவதை மறைக்க முடியுமா? கோயில் மதில் விழுந்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள். திரும்பக் கட்ட வசூல்கூட ஆரம்பித்திருந்தது, வசூல் செய்தவர் பண்ணாடியேதான். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க அந்த ஊரில் அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை.

பண்ணாடியால் கருப்பணார் குற்றவாளி என்று சொல்ல முடியாது. மழை வெறும் மழை என்றும் சொல்ல முடியாது. எதைச் சொன்னாலும் தோற்பார். இவ்வளவு கச்சிதமாக எதிர்க்கட்சியின் வாயை அடைத்த குறுக்கு விசாரணையை நான் எந்த வக்கீலிடமும் கேட்டதில்லை. பண்ணாடி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

அமீனா தடையை நீக்க ஆளைத் தேடினார். ஒருவரும் அசைவதற்கு முன்னால் உபதேசியார் வேட்டியை மடித்துக் கட்டி, ஜிப்பாவோடு வாய்க்காலில் இறங்கிவிட்டார். முள்ளை இழுத்துப் போட்டார். முதல் கல்லைப் புரட்ட முடியவில்லை. குலுங்கிச் சிரித்த அந்தக் கிழவர் இறங்கி மறுபக்கம் கை கொடுத்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பண்ணாடி வைக்கச் சொன்னபோது அந்தக் கற்களை வைத்ததும் அதே கைகள்தான். வைக்கும்போது ஆன நேரத்தில் பாதிகூட எடுக்கும்போது ஆகவில்லை.

அண்ணன் எருதுகளைச் சரிவில் ஓட்டினான். கப்பி கிறீச்சிட, தோல்பறி நிறைந்து மேலே வந்து கொட்டிற்று. வெகுநாளாகப் புழங்காத வாய்க்கால் முதல் பறியை அப்படியே குடித்துவிட்டது. இரண்டாவதையும் குடித்தது. பிறகு நுரையும் சருகுமாக ஒரு நாக்கு நகர ஆரம்பித்தது. அவள் மண்வெட்டியோடு அதற்கு முன்னால் ஓடினாள். அங்கங்கே கரையைத் தட்டினாள், அடைப்பை வெட்டினாள், மகளைப் பாத்திக்குப் போய் நிற்கச் சொல்லிக் கத்தினாள். உபதேசியார் முழங்கால்வரை சேற்றோடு கரையில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு கல்யாணக் களை.

நான் அவளுடைய நிலத்து மடையில் நின்று, டிக்ரி நிறைவேறியதற்கு அத்தாட்சி எழுதிக்கொண்டிருந்தேன். இடம், எல்லை, ஆஜரானவர்கள் எல்லாம் முறைப்படி. பக்கத்தில் அவள் வந்து நின்றது தெரியவில்லை.

“ஏனுங்க சாமி,” என்றாள், மண்வெட்டியை ஓங்கியபடி. “அக்கட்டால போயி எளுதுங்க. தண்ணி வருது.”

கோர்ட் உத்தரவுக்குக் கடைசியாகக் குறுக்கே நின்றவன் டிப்டி நாஜர்தான். சட்டென்று விலகினேன். அவள் மடையை வெட்டினாள்.